ஒரு செடி காற்றுக்குத் தரும் விலை

நன்றாக உலர்ந்த ஒரு மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அந்தக் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பங்கு வகிக்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் காற்றும் நீரும் கொடுத்தவை. மண் கொடுத்தது எவ்வளவு என்று அறிய விரும்பினால் கட்டையை முழுதாக எரித்துப் பார்க்கலாம். நைட்ரஜன் போன்ற சில தனிமங்கள் புகையோடு போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அடியில் மிஞ்சும் கொஞ்சம் சாம்பல்தான் மண்ணின் பங்கு.

தாவரங்களைப் பற்றி யாரோடு பேசினாலும் நான் இந்த இடத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களிடமும் கூட, செடி மண்ணை உறிஞ்சித்தான் பருக்கிறது என்ற எண்ணம் அடிமனத்தில் அசையாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அது இயல்பான எண்ணம்தான். வேர் மண்ணுக்குள் போகிறது, உரம் போட்டால் செடி செழிக்கிறது, காற்றோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உடலைக் காற்றிலிருந்து கட்டுகிறது என்ற ஒரு செய்தியைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், இலை ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது, வேர் ஏன் இவ்வளவு நீரைக் குடிக்கிறது, மரத்துக்கு மரக்கட்டை எதற்கு, கள்ளிச்செடி இரவில் ஏன் விழித்திருக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே அவிழ்கின்றன.

பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்பவர் இதைத் தராசில் வைத்துப் பார்த்தார். உலர்த்தி எடை பார்த்த 200 பவுண்டு மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று மேல். மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுக்க முழுக்க நீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648-இல் வெளியான நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று: கரி எரியும்போது வெளியாகும் ஒரு வாயுவைக் காற்றிலிருந்து வேறானது என்று இனங்கண்டு எழுதியவரும் இதே வான் ஹெல்மான்ட்தான். அதையே நாம் கரியமில வாயு என்கிறோம். விடையின் இரண்டு துண்டுகளும் ஒரே மனிதரின் கையில் இருந்தன; அவற்றை ஒன்றோடொன்று பொருத்த இன்னும் ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெடுத்த காற்றைப் புதினாத் தண்டு ஒன்று மீண்டும் எரிவதற்கு ஏற்றதாக்குவதைக் கண்டார். 1779-இல் யான் இங்கென்ஹவுஸ், அதற்கு வெளிச்சமும் பச்சை நிறப் பாகமும் தேவை என்று காட்டினார். 1804-இல் நிக்கோலா தியோடர் டி சொசூர், செடியின் எடைக் கூடுதலில் கரியமில வாயுவோடு நீருக்கும் பங்குண்டு என்று அளந்து நிறுவினார்.

இப்போது செடியின் இக்கட்டைப் பார்க்கலாம். அதற்குத் தேவையான கரியமில வாயு காற்றில் மிகமிகக் குறைவு; 10,000 மூலக்கூறுகளை எண்ணினால் அவற்றில் 4-க்குச் சற்று மேல் தேறும். இவ்வளவு நீர்த்த சரக்கைச் சேகரிக்க வேண்டுமானால் பரந்த, மெல்லிய பரப்பு வேண்டும். அந்தப் பரப்பின் உள்ளே ஈரமான செல்சுவர்கள் காற்றோடு நேராக உரச வேண்டும், ஏனென்றால் வாயு முதலில் நீரில் கரைந்தால்தான் செல்லுக்குள் போக முடியும். இலை என்பது இந்தத் தேவைகளின் உருவம். மேலும் கீழும் மெழுகு பூசிய, காற்றுப் புகாத தோல். நடுவில் ஈரச் செல்கள் இடைவெளி விட்டு நிற்கும் காற்றறைகள். தோலில் ஆங்காங்கே திறந்து மூடும் துளைகள். ஈரமான பரப்பைக் காற்றுக்குத் திறந்து வைத்தால் அது காய்ந்துபோகும் என்பதுதான் சிக்கல். திறக்காவிட்டால் பட்டினி, திறந்தால் தாகம்.

இந்தத் துளைகளை நேரில் பார்ப்பது எளிது, பார்த்தவர்கள் மறக்கவும் மாட்டார்கள். இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்ததும் ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், இலைத்தோலின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். விளிம்புகள் வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் சாதாரணத் தோல் செல்களுக்கு நடுவே, அவரை விதைகள் இரண்டை எதிரெதிரே வைத்தாற்போல இணை இணையாகச் செல்கள் தெரியும். அவைதான் காப்புச் செல்கள். அவற்றுக்கிடையே உள்ள பிளவுதான் இலைத்துளை. பெரும்பாலான இலைகளில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 100 முதல் 300 துளைகள் வரை இருக்கும். வெயில் ஏறும் முன், நன்கு நீர் ஊற்றிய செடியில் எடுத்த அச்சில் பிளவு அகன்று தெரியும். அதே செடியை நீரில்லாமல் வாடவிட்டு எடுத்த அச்சில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே இருக்கும். நான் இந்த இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலருக்குக் காட்டியிருக்கிறேன். அசைவற்றது என்று நினைத்த ஒன்று இப்படித் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்தபின் செடியை அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது.

திறப்பது எப்படி என்பது இன்னும் நுட்பமானது. காலை வெளிச்சத்தின் நீலப் பகுதி காப்புச் செல்லில் படும்போது, அதன் சவ்விலுள்ள எக்கிகள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன, அதனால் ஏற்படும் மின்னழுத்த வேறுபாட்டில் பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, உப்புச் செறிவு கூடியதும் சவ்வூடு பரவலால் நீர் பின்தொடர்கிறது, செல் விறைக்கிறது. காப்புச் செல்லைச் சுற்றிக் குறுக்குவாட்டில் செல்லுலோஸ் இழைகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் அது பக்கவாட்டில் பருக்க முடியாமல் நீள்கிறது. இரு முனைகளும் பிணைக்கப்பட்டிருப்பதால் நீளும் செல் வில்லாக வளைகிறது. இரண்டும் எதிரெதிராக வளையும்போது நடுவே துளை திறக்கிறது. தசை இல்லை, நரம்பு இல்லை. உப்பும் நீரும் சுவரின் வடிவமும் மட்டுமே. நீர்த் தட்டுப்பாடு வந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து, பொட்டாசியம் வெளியேறி, சில நிமிடங்களில் துளை தளர்ந்து மூடுகிறது.

முழுதாகத் திறந்திருக்கும்போதும் இத்துளைகளின் மொத்தப் பரப்பு இலைப் பரப்பில் 5 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. ஆனால் செடி இழக்கும் நீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவற்றின் வழியாகவே போகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் இந்த இழப்பை எடை போட்டார். தொட்டியில் வளர்த்த சூரியகாந்திச் செடியின் அடிமண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி ஈயத் தகட்டால் தொட்டியின் வாயை மூடி, காலையும் மாலையும் எடை பார்த்தார். ஒரு பகலில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 570 கிராம் நீர் அந்த ஒற்றைச் செடியிலிருந்து வெளியேறியது என்று 1727-இல் எழுதினார். வேர் உறிஞ்சும் நீரில் செடியின் உடலில் தங்குவது மிகச் சிறு பங்கு. 100-இல் 97 பங்குக்கும் மேல் இலை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது.

ஏன் இவ்வளவு வீண்? இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இலைக்குள்ளிருக்கும் காற்று நீராவியால் முழுதும் நிறைந்திருக்கும். அதாவது அந்தக் காற்றில் சுமார் 3 விழுக்காடு நீராவி. வெளியே ஈரப்பதம் பாதியளவு என்றால் அங்கே 1.5 விழுக்காடு. ஆக, நீராவியை வெளியே தள்ளும் வேறுபாடு 1.5 விழுக்காடு. கரியமில வாயு வெளிக்காற்றில் 0.04 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இலைக்குள் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது என்று கொண்டால், அதை உள்ளே இழுக்கும் வேறுபாடு 0.014 விழுக்காடு அளவில்தான் இருக்கும். ஒரே துளை, ஒரே நேரம். ஆனால் வெளியேறும் சரிவு உள்ளே வரும் சரிவைப்போல் 100 மடங்குக்கும் மேல் செங்குத்தானது. போதாததற்கு நீர் மூலக்கூறு கரியமில வாயுவைவிட எடை குறைந்தது, விரைவாகப் பரவக்கூடியது. எனவே ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க ஒரு சாதாரணச் செடி பல நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. இதில் செடியின் கவனக்குறைவு எதுவும் இல்லை. உலர்ந்த காற்றில், நீர்த்த வாயுவைத் தேடி, ஈரமான வீட்டின் கதவைத் திறக்கும் எந்த உயிருக்கும் இதுதான் விலை.

நீராவிப்போக்கு இலையைக் குளிர்விக்கிறது, தாது உப்புகளை மேலே கொண்டுவருகிறது என்று பாடநூல்களில் அதன் பயன்களைப் பட்டியலிடுவது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆயினும் அவற்றை நோக்கங்கள் என்று சொல்லாமல் பக்கப் பயன்கள் என்று சொல்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்று ஈரத்தால் நிறைந்த கண்ணாடிக் கூடங்களில் நீராவிப்போக்கு மிகவும் குறைந்துவிட்ட நிலையிலும் செடிகள் நன்றாகவே வளர்கின்றன. செடி நாடுவது கார்பனை. நீர் அதற்காகக் கொடுக்கப்படுவது.

இவ்வளவு நீரை மேலே கொண்டுபோவது அடுத்த வேலை. உறிஞ்சு குழாயால் நீரை மேலே இழுத்தால், எவ்வளவு வலிமையான எக்கியை வைத்தாலும், சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. வளிமண்டல அழுத்தம் அந்த உயரம்வரைதான் நீரைத் தாங்கும். ஆனால் உலகின் மிக உயரமான மரமான ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம், கலிஃபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. அதன் உச்சி இலைக்கும் நீர் போகிறது. நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை; உள்ளே உயிர்ப்பொருள் எதுவும் இல்லை, சுவர் மட்டுமே உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள உயிருள்ள செல்கள்தாம் நீரைத் தள்ளுகின்றனவோ என்று ஐயுற்ற எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய மரங்களின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். உயிர்ச்செல்களைக் கொன்றுகொண்டே கரைசல் மேலேறிப் போயிற்று. இலைகள் கெடும்வரை ஏற்றம் நிற்கவில்லை.

1894-இல் ஹென்றி டிக்ஸனும் ஜான் ஜாலியும் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. நீர் கீழிருந்து தள்ளப்படுவதில்லை, மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலைக்குள் செல்சுவரின் இழைகளுக்கிடையே உள்ள மிகமிக நுண்ணிய இடுக்குகளில் நீரின் விளிம்பு ஆவியாகும்போது அது உட்குழிகிறது. பரப்பு இழுவிசை அந்தக் குழிவை நேராக்க முயன்று பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் அந்த இழுப்பு இலைநரம்பு, கிளை, தண்டு வழியாக வேர் நுனிவரை ஒரே தொடராகச் செல்கிறது. 115 மீட்டர் உயர நீர்த்தூணைத் தாங்க மட்டுமே 11 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான இழுவிசை தேவை. குழாயின் உராய்வையும் சேர்த்தால் அது இன்னும் பெருகும். மரத்தினுள் நீர் எப்போதும் நாண் ஏற்றிய நிலையில் இருக்கிறது. ஏற்றத்துக்கு வேண்டிய ஆற்றலைத் தருவது ஆவியாக்கும் வெயில்தான். மரம் இதற்காகத் தன் சர்க்கரையில் ஒரு துளியும் செலவிடுவதில்லை.

பெர் ஸ்கொலாண்டர் குழுவினர் 1965-இல் இந்த இழுவிசையை அளந்தார்கள். வெட்டிய கிளையை இறுக்கமான கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வெட்டியவுடன் உள்ளே பின்வாங்கிய சாறு எந்த அழுத்தத்தில் மீண்டும் வெட்டுமுனைக்கு வருகிறதோ, அதுவே மரத்தில் இருந்த இழுவிசை. மிக உயரத்திலிருந்த கிளைகளை எட்டுவதற்கு வழியின்றி, குறிபார்த்துச் சுடத் தெரிந்த ஒருவரைக் கொண்டு துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியே மாதிரி எடுத்தார்கள்.

நாண் அறுவதும் உண்டு. இழுவிசை எல்லை மீறினால் குழாயில் காற்றுக்குமிழி தோன்றி அந்தக் குழாய் முழுவதும் பயனற்றுப் போகும். வறட்சியில் மரங்கள் சாவதற்கு இது ஒரு முதன்மையான காரணம். குழாய்களுக்கிடையே உள்ள குழிகளின் மெல்லிய சவ்வு குமிழி பரவாமல் தடுப்பதால், ஒன்று அடைபட்டாலும் நீர் பக்கத்துக் குழாய் வழியே சுற்றிப் போகிறது. பூங்கொத்துக்குப் பறித்த மலர்களின் காம்பை நீருக்குள் வைத்தபடியே மறுபடி ஓர் அங்குலம் நறுக்கச் சொல்வது இதனால்தான்: வெட்டிய கணத்தில் நாண் தளர்ந்து காற்று உள்ளே ஏறியிருக்கும், அந்தப் பகுதியைக் காற்றுப்படாமல் நீக்கினால் தொடர் மீண்டும் சேரும். காசித்தும்பையின் தண்டை அறுத்துச் சிவப்பு மை கலந்த நீரில் வைத்தால் இந்தக் குழாய்களை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடி போன்ற அந்தத் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் தனித்தனியாக ஏறுவதும், அவை இலைக்காம்பில் பிரிவதும், கடைசியில் இலைநரம்புகள் சிவப்பதும் கண்முன்னே நடக்கும். வெயில்படும் காற்றோட்டமான இடத்தில் வைத்த தண்டில் கோடு விரைந்து ஏறும். இலைகளைக் கிள்ளிவிட்ட தண்டில் அது தயங்கும்.

வேரின் கதை வேறு வகை. நீரை இழுப்பது இலை என்றால், எதை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது வேர். வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள தூவிகள் மண்துகள்களுக்கிடையே நுழைந்து பரப்பைப் பெருக்குகின்றன. நீர் செல்சுவர்களின் வழியாகவே வேரின் உட்பகுதியை நெருங்கலாம். ஆனால் அகத்தோல் என்ற அடுக்கில் செல்களுக்கிடையே நீர் புகாத காஸ்பேரியன் பட்டை குறுக்கிடுகிறது. அங்கே எல்லாமே ஒரு முறையாவது உயிருள்ள சவ்வைக் கடந்தாக வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் முதலியவற்றை மண்ணிலுள்ள குறைந்த செறிவிலிருந்து வேருக்குள் உள்ள மிகுந்த செறிவுக்கு ஏற்ற, சவ்விலுள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவிடுகின்றன. ஆற்றலுக்குச் சுவாசம் வேண்டும், சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். வேர் காற்றைச் சுவாசிக்கிறது என்ற இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனையோ தொட்டிச் செடிகள் அன்பாலேயே சாகடிக்கப்படுகின்றன.

ஆக்சிஜன் நீரினூடாகப் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணின் இடுக்குகளில் நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. சவ்வின் வேலை நிற்கிறது. நீரைக் கடத்தும் திறனும் குறைகிறது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. மேலே பார்ப்பதற்கு அது தாகத்தால் வாடுவதைப் போலவே இருப்பதால் மேலும் நீர் ஊற்றப்படுகிறது. அப்படிப்பட்ட செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்: நல்ல வேர் வெண்மையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும், மூச்சுத் திணறிய வேர் பழுப்பேறி, விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து உள்நார் மட்டும் நிற்கும், அழுகல் நாற்றமும் அடிக்கும். வாடிய செடியைக் கண்டால் நீர்க்குவளையை எடுக்கும் முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதற்காகவே. நெல் போன்ற நீர்நிலத் தாவரங்கள் தண்டிலிருந்து வேருக்குக் காற்றை இறக்கும் காற்றுக் குழாய்களைத் திசுவுக்குள்ளேயே அமைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தாண்டுகின்றன.

இனி, இவ்வளவு விலை கொடுத்து உள்ளே கொண்டுவந்த கரியமில வாயுவுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். பசுங்கணிகத்தில் பச்சையம் சிவப்பு, நீல ஒளிகளை அதிகம் விழுங்கி, அந்த ஆற்றலில் நீர் மூலக்கூறு பிளக்கப்படுகிறது. வெளியேறும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாக நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் தம் குழுவினரோடு கனமான ஆக்சிஜன் கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்து, அது நீரிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள ஆக்சிஜன் ஒரு காலத்தில் நீராக இருந்தது. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைப் பாதையில் சேர்ப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. பல நொதிகள் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வினைகளை முடிக்கும்போது, இது நொடிக்கு மூன்று முதல் பத்து வரையே முடிக்கிறது. ஆகவே இலை அதை மலைமலையாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல இலைகளில் கரையும் புரதத்தில் பாதிவரை ரூபிஸ்கோதான். புரதம் செய்ய நைட்ரஜன் வேண்டும்; உரத்தில் நைட்ரஜன் குறைந்ததும் இலை வெளிறுவதற்கும் விளைச்சல் சரிவதற்கும் இடையே உள்ள தொடர்பு இங்கேதான் இருக்கிறது.

ரூபிஸ்கோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. ஏறத்தாழ நான்கைந்து முறைக்கு ஒருமுறை அது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அதைச் சரிசெய்வதில் முன்பு பிடித்த கார்பனில் ஒரு பகுதி வீணாகிறது. வெப்பம் கூடினாலும், துளைகள் மூடி உள்ளே கரியமில வாயு குறைந்தாலும் பிழை பெருகும். நீரை மிச்சப்படுத்தத் துளையை மூடினால் நொதி தடுமாறுகிறது என்ற இந்தப் பொறியிலிருந்து தப்பிக்க மக்காச்சோளமும் கரும்பும் ஒரு வழி கண்டன: முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, இலைநரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் கொண்டுபோய் அங்கே செறிவாக்கி ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. 1966-இல் மார்ஷல் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் இந்தப் பாதையை விளக்கினார்கள். துளையைக் குறுகலாகத் திறந்தே வேலை நடப்பதால் இவற்றின் நீர்ச்செலவு மற்றச் செடிகளில் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்குகிறது. கள்ளியும் அன்னாசியும் இன்னும் ஒரு படி மேலே போயின. காற்று குளிர்ந்து ஈரப்பதம் கூடிய இரவில் துளையைத் திறந்து, பிடித்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் செல்லின் குமிழறையில் சேமித்து, பகலில் கதவை மூடிக்கொண்டு வெளிச்சத்தில் அதைச் சர்க்கரையாக்குகின்றன. ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு அவை கொடுப்பது 50 நீர் மூலக்கூறு அளவில்தான்.

ஈட்டிய சர்க்கரை இலையில் கிடந்து பயனில்லை. புளோயத்தின் சல்லடைக் குழாய்கள் அதை வேருக்கும் கனிக்கும் தளிருக்கும் கொண்டுபோகின்றன. சைலத்தைப் போல் இவை இறந்தவை அல்ல. உயிரோடு இருக்கும், ஆனால் உட்கருவைத் துறந்துவிட்டு, பக்கத்திலுள்ள துணைச் செல்லை நம்பி வாழும். 1930-இல் எர்ன்ஸ்ட் மூன்க் சொன்னபடி, சர்க்கரை ஏற்றப்படும் முனையில் நீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது, இறக்கப்படும் முனையில் அழுத்தம் குறைகிறது, சாறு அந்தச் சரிவில் ஓடுகிறது. அசுவினிப் பூச்சி தன் ஊசிவாயை ஒற்றைச் சல்லடைக் குழாயில் குத்தியிருக்கும்போது பூச்சியை மட்டும் நீக்கிவிட்டால், எஞ்சிய ஊசி வழியாகச் சாறு மணிக்கணக்கில் தானாக வடிந்துகொண்டே இருக்கும், அவ்வளவு அழுத்தம். மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தால் புளோயம் அறுபடும், உள்ளேயுள்ள சைலம் தப்பிக்கும். இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்க, வேர் பட்டினியால் செத்து, பிறகு மரமும் சாகும்.

வேருக்கு வரும் சர்க்கரை முழுவதும் வேருக்கே போவதில்லை. பெரும்பாலான தாவரங்களின் வேர்களில் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. மண்ணில் எளிதில் நகராத பாஸ்பரஸை வேர் எட்டாத தொலைவிலிருந்து கொண்டுவந்து கொடுத்து அதற்கு ஈடாகச் சர்க்கரை பெறுகின்றன. அவரைக் குடும்பச் செடிகள் வேர்முடிச்சுகளில் பாக்டீரியாவுக்கு இடமும் சர்க்கரையும் கொடுத்து காற்றிலுள்ள நைட்ரஜனை வாங்குகின்றன. நன்கு வேலை செய்யும் முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நைட்ரஜனைப் பிணைக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடாமல், ஆனால் பாக்டீரியா சுவாசிக்கவும் தடையில்லாமல், ஆக்சிஜனைப் பற்றிக் கட்டுக்குள் வைத்திருக்கும் லெக்ஹீமோகுளோபினின் நிறம் அது. நம் இரத்தத்தின் நிறமிக்கு உறவுப் புரதம். சாம்பல் நிறமாகவோ பச்சையாகவோ இருக்கும் முடிச்சில் வேலை நடக்கவில்லை என்று பொருள்.

செடி இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். அதன் ஒவ்வோர் உயிர்ச்செல்லும் பகலிலும் இரவிலும் இடைவிடாமல் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு தொட்டிச் செடி இரவில் வெளிவிடும் கரியமில வாயு, அதே அறையில் தூங்கும் ஒரு மனிதர் விடுவதன் முன்னே மிகவும் சொற்பம்.

உண்மையில் இரவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, வெளிச்சம் இல்லாத அந்த மணி நேரங்களைச் செடி எதைக்கொண்டு கடக்கிறது என்பதுதான். பகலில் ஈட்டியதில் ஒரு பகுதியை இலை தன் பசுங்கணிகங்களிலேயே மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்து, இரவில் சீரான வேகத்தில் கரைக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற சிறிய கடுகினச் செடியில் அளந்தபோது, விடியும் நேரத்தில் சேமிப்பில் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்திருந்தது. மிச்சம் வைத்தால் வளர்ச்சிக்கு உதவாமல் வீண், முன்கூட்டியே தீர்ந்தால் பட்டினி. வழக்கத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே விளக்கை அணைத்து அதை ஏமாற்றிப் பார்த்தார்கள். சேமிப்பு குறைவு, இரவு நீளம். செடி அன்றிரவே கரைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வழக்கமான விடியல்வரை மாவுச்சத்து வரும்படி பங்கிட்டது. கையிலிருக்கும் இருப்பையும் விடியலுக்கு எஞ்சியிருக்கும் நேரத்தையும் ஒப்பிடாமல் இதைச் செய்ய முடியாது. நேரத்தைச் சொல்வது அதன் உள்கடிகாரம். அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்துக்குப் பதில் சுமார் 17 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் திரிபுச் செடிகள், விடியல் வந்துவிட்டதாகக் கருதி மாவுச்சத்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டு, இரவின் கடைசி மணிகளில் பட்டினி கிடந்து மெதுவாக வளர்ந்தன. அவற்றை 17 மணி நேர நாளில் வைத்து வளர்த்தபோது சேமிப்பு சரியாக விடியல்வரை வந்தது.